படகுப் பாட்டுக்கு முப்பத்தெட்டு மார்க்

ஜூன் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். உன் அக்காவின் கால் இப்போது எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்துவிட்டார்களா?

ஒரு அவசர காரியமாக எழுதுகிறேன். எங்கள் பஸ் பணிமனையில் இந்த வருஷக் கரோக்கே போட்டி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலப் பிரிவுக்கு மூன்று ஆண்கள். வாத்தியம் மட்டும் ஓடும், நாம் பாட வேண்டும், மூன்று பேர் மார்க்கையும் கூட்டுவார்கள். மார்க் போடுவது மனுஷன் இல்லை, டிவியோடு இணைத்த அந்தக் கறுப்புப் பெட்டி. அதற்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. உனக்குத் தெரியாததா? முன்பு நீ பாட்டு எடுத்துக் கொடுத்துத்தானே எங்கள் மராமத்துப் பிரிவு கோப்பையைத் தூக்கியது. போன வருஷம் உனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் இருந்தது, நாங்களே எடுத்தோம். டயர்காரர், கதாநாயகன் மலை உச்சியில் நின்று கத்துகிற பாட்டை எடுத்தார். சரணத்தில் குரல் கிழிந்து, இருமி, நடுப்பாட்டில் தண்ணீர் கேட்டார். கடைசி இடம்.

பெயின்டர் தினமும் என்னைப் பிடுங்குகிறான். "அண்ணே, அண்ணி எப்ப வருவாங்க? அண்ணி இல்லாம பாட்டு எடுத்தா மானம் கப்பலேறிடும்ணே." அக்காவுக்குக் கால் முறிந்ததால் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

பெயின்டருக்கும் டயர்காரருக்கும் எனக்கும் ஆளுக்கொரு பாட்டு எழுதி அனுப்பு. எனக்குச் சும்மா ஏதாவது போதும். என் குரல் இப்போதெல்லாம் கணீரென்று இருக்கிறது. வாயைத் திறந்தால் தலைக்குள் மணி அடிக்கிறது. ஆனால் ஒத்திகையில் பெட்டி எனக்கு முப்பத்தெட்டு போட்டது. பெட்டியில்தான் கோளாறு.

போனில் கேட்டிருக்கலாம். போன் என்றாலே நமக்குள் சண்டைதான் வருகிறது. மெசேஜ் தட்டலாம் என்றால் என் விரலுக்கு ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 7

மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. டயர்காரர் இருமியது, பெயின்டர் பிடுங்கியது எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. கட்டின பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. போகட்டும். அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கைத்தடியோடு தன் தையல் கடை வரை நடக்கிறாள். 'காலுக்காகப் போயிருக்கிறாள்' என்ற கதை இனி ரொம்ப நாள் ஓடாது.

நான் எதனால் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். நீங்கள் பேப்பரிலிருந்து தலை நிமிர மாட்டீர்கள். நிமிர்ந்தால் "சரி சரி". அக்கா விழுந்த செய்தி வந்த அன்று பையோடு வாசலில் நின்று, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த உங்கள் முதுகைப் பார்த்துக் கேட்டேன்: "நான் சீக்கிரம் திரும்பி வரணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா, இல்லையா? இல்லைன்னா சொல்லிடுங்க, அங்கேயே இருந்துடறேன்." திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரி சரி, பார்த்துப் போ" என்றீர்கள். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினவள் நான். போனிலும் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள்.

அக்கா கடையில் ஜன்னலோரம் எனக்கு ஒரு மிஷின் போட்டாயிற்று. பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்து கிடக்கிறது. "இங்கேயே இருந்துடேன்டி" என்கிறாள் அக்கா. நானும் இல்லை என்று சொல்லவில்லை. முடிவு செய்தால் என் சொந்த மிஷினை லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லி எழுதுவேன்.

ஆனாலும் பாட்டு என்று கேட்டுவிட்டீர்கள், என் கர்வம் சும்மா விடவில்லை. ஆம்பளைகள் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை மறைப்பார்கள். பாட்டு எடுப்பதிலும் அதே கதை. தன் குரலுக்கு எடுக்க மாட்டார்கள், ஆசைப்படுகிற கதாநாயகனின் குரலுக்கு எடுப்பார்கள். பல்லவியில் புலி, சரணத்தில் எலி.

டயர்காரர் பேசுவதே அடித்தொண்டையில். அவருக்கு அப்பா குழந்தையைத் தூங்க வைக்கிற தாலாட்டுப் பாட்டு. ஏற்ற இறக்கம் இல்லாமல் நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றி வரும். அதையும் சுருதியை இரண்டு கட்டை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். வெட்கப்படுவார். "இடுப்புக்கு எலாஸ்டிக் வைக்கிற மாதிரிதான், வெளியே தெரியாது" என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பெயின்டருக்கு நல்ல குரல், ஆனால் நீட்டுகிற இடமெல்லாம் குழைப்பான், வளைப்பான். மனுஷர் கை தட்டுவார்கள், பெட்டி மார்க்கைப் பிடுங்கிக்கொள்ளும். சுரம் நேராக வர வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், அதற்கு அவ்வளவுதான் தெரியும். அவனுக்கு மூச்சு விட இடமில்லாத அந்தச் சைக்கிள் பாட்டு. குழைக்க நேரமே கிடைக்காது.

உங்களுக்கு நான் பாட்டுத் தரப்போவதில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்கு முப்பத்தெட்டு என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் குரல் எனக்குத் தெரியும். தூக்கத்தில் பாடினாலும் எழுபதுக்குக் கீழே இறங்குகிற குரல் இல்லை அது.

தையல்காரி


ஜூன் 11

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். டயர்காரர் தாலாட்டில் எண்பத்துநாலு வாங்கினார். சுருதி இறக்க மாட்டேன் என்று முதலில் முறுக்கிக்கொண்டார், எலாஸ்டிக் என்றதும் சிரித்துவிட்டார். அந்தக் கரகரத் தொண்டையில் தாலாட்டு வந்ததும் ஸ்டோர்க்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்று சொல்லிக்கொண்டார். பெயின்டருக்குச் சைக்கிள் பாட்டில் எண்பத்தெட்டு. முடித்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். "அண்ணி என்னைக் கொல்லப் பாத்தாங்கண்ணே, ஆனா மார்க்கு பாருங்க!"

முப்பத்தெட்டு எதற்கு என்று கேட்டாய். படகுப் பாட்டுக்கு. அடுப்படியில் நீ எப்போதும் முணுமுணுப்பாயே, அதுதான். வீட்டில் அந்தப் பாட்டு இல்லாமல் என்னமோ போல இருந்தது, அதனால் எடுத்தேன். அடுத்து நிலாப் பாட்டு, நாற்பத்தொன்று. வெறுத்துப்போய் லாரி டிரைவர்கள் பாட்டைப் போட்டேன், அதற்கு எண்பத்துமூன்று! பெட்டிக்குப் பைத்தியம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பெயின்டர் வேறு, "அண்ணே, மியூசிக் ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க" என்கிறான். படகுப் பாட்டின் ஆரம்பத்தில் புல்லாங்குழல் வருமே, அதுவே பெட்டியில் வரவில்லை. வயலினும் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு கோளாறும் இல்லை. லாரிப் பாட்டில் மட்டும் டிரம் இடி மாதிரி விழுகிறது.

வாசலில் நீ அப்படிக் கேட்டாயா? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஊருக்குக் கிளம்புகிறவள் "போயிட்டு வரேன்" என்றுதானே சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன்.

உன் மிஷினை அனுப்பச் சொல்லாதே. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 15

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நீங்கள் சொன்ன மூன்று பாட்டையும் கடையில் வெட்டு மேசை மேல் போனை வைத்து ஓட விட்டேன். அக்கா, "வேலை நேரத்துல என்னடி கச்சேரி?" என்றாள். படகுப் பாட்டு புல்லாங்குழலில் ஆரம்பிக்கிறது. நிலாப் பாட்டு வயலினில். இரண்டுமே மெல்லிசாக ஊதி, மெல்லிசாக இழுத்து, 'இப்ப பாடு' என்று ஜாடை காட்டுகிற பாட்டு. லாரிப் பாட்டு டிரம்மில் ஆரம்பித்து டிரம்மில் முடிகிறது. உடனே, பணிமனைத் தெருவிலேயே குடியிருக்கிற பெயின்டர் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, ஒத்திகையில் புல்லாங்குழல் வந்ததா என்று கேட்டேன். "புல்லாங்குழலா? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சேக்கா" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எதிரில் நின்று பேசினால் பதில் சொல்வீர்கள், பின்னால் நின்றால் சொல்ல மாட்டீர்கள். டிவியை அலற விடுவீர்கள், நான் குறைத்தால் எழுந்து போய்விடுவீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் நீங்கள் எதற்குமே ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. அன்று வாசலில் நான் பேசியது உங்கள் முதுகோடு.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் காது கேட்கவில்லையா?

அப்படி இருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் யாரோ எவளோவா? 'இந்த மனுஷனுக்கு நான் சலித்துப்போய்விட்டேன்' என்று எத்தனை நாள் தலையணையை நனைத்திருப்பேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்கு இந்தக் கடிதத்தையே நாலாகக் கிழித்திருப்பேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. மதிக்காத புருஷனோடு வாழ முடியாது. கேட்காத காதோடு வாழலாம், கத்திப் பேசினால் ஆயிற்று.

முதல் வேலையாகக் காது டாக்டரிடம் போங்கள். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவீர்கள், பெயின்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 18

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

ஆமாம். கேட்கவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு சாத்துகிற மாதிரி வந்தது. முதலில் எல்லாரும் முணுமுணுவென்று பேசப் பழகிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் போன். காதில் வைத்தால் உன் குரல் போர்வைக்குள் இருந்து வருவது போல இருக்கும், ஒரு வார்த்தை பிடிபடாது. பிடிபடாமல் ஏதாவது உளறிவிடுவேனோ என்றுதான் வைத்துவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். என் அப்பாவுக்கு இப்படித்தான் ஆனது. வீட்டிலேயே அவரைச் 'செவிடு' என்றுதான் சொல்வார்கள். எல்லாரும் சிரித்தால் அவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் முகத்தில் வந்துவிடக்கூடாது என்று இருந்தேன். வேலை வேறு. என்ஜின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்கிறவன் நான். காது போச்சு என்று தெரிந்தால் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அதனால்தான் எதற்கெடுத்தாலும் 'சரி'. அந்தச் சரியால் பட்டது கொஞ்சமில்லை. போன சங்கக் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், "சரி" என்றேன், கை தட்டினார்கள். போட்டிக்கு வேண்டிய நாற்காலி அத்தனையும் கொண்டுவந்து போடுகிற பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. மாடி வீட்டம்மா மகள் வீட்டுக்குப் போகும்போது ஏதோ கேட்டார், "சரி" என்றேன், கிளிக்கூண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நீ கேட்டபோது பெரிய மனுஷன் மாதிரி, "பாவம், வாயில்லா ஜீவன்" என்றேன். நீ ஊருக்குப் போன பிறகும் அது இங்கேதான் இருக்கிறது.

உன்னை மதிக்காமல் இல்லை. ஒரு நாளும் இல்லை. நீ பேசுவது கேட்காமல் போனதுதான் இதில் பெரிய நஷ்டம், வேறு யார் பேசுவது கேட்காவிட்டால் எனக்கென்ன?

நாளைக்கு டாக்டர். பெயின்டர் வருகிறான்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 21

என்னங்க,

படித்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன், கிளியும் நாற்காலியும் வந்த இடத்தில் சிரித்தேன், திரும்பவும் அழுதேன். அக்கா, "என்னடி, மாப்பிள்ளை லாட்டரியா அடிச்சிருக்காரு?" என்கிறாள்.

டாக்டர் என்ன சொன்னாலும் சரி. காது போனது போனதுதான் என்று சொன்னால், கருவி மாட்டிக்கொள்வோம். கண்ணுக்குக் கண்ணாடி போட யாராவது வெட்கப்படுகிறார்களா? உங்களைச் செவிடு என்று எவனாவது சொல்லட்டும், அவன் நாக்கை என் கத்திரிக்கோல் பார்த்துக்கொள்ளும்.

போட்டியில் லாரிப் பாட்டையே பாடுங்கள். டிரம் விழுகிற இடத்தில் காலால் தாளம் போட்டுக்கொண்டால் போதும், எண்பது உறுதி. படகுப் பாட்டைத் தொடாதீர்கள். உங்களுக்குப் பாட்டுத் தரமாட்டேன் என்று சொன்னவள்தான், இதோ தந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 29

என் வீட்டுக்காரிக்கு,

சிரிக்காமல் படி. முடியாது என்று எனக்கே தெரியும், இருந்தாலும் முயற்சி செய்.

டாக்டரம்மா முதல் நாள் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பார்த்தவர், "எத்தனை வருஷமா சேத்து வெச்சிருக்கீங்க?" என்றார். குறும்பி! இரண்டு காதிலும் தார் போட்ட மாதிரி குறும்பி. சொட்டு மருந்து கொடுத்து ஊற வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை திரும்பப் போனோம். வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சி அடித்தார். வலது காது திறந்தது. இடது காதில் தண்ணீர் போகவே மாட்டேன் என்றது. இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தார், மஞ்சளாக ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வந்தது. பணிமனைச் சத்தத்துக்காக நாங்கள் காதில் அடைத்துக்கொள்கிற தக்கை. என்றைக்கோ பாதி பிய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதன் மேல் தினமும் புதுத் தக்கையை வைத்து அழுத்தி, குறும்பியை நானே உள்ளே தள்ளி, நானே அடைத்திருக்கிறேன். பெயின்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, காதுக்குள்ள கோடவுனே வெச்சிருக்கீங்க!" அப்புறம் ஹெட்போன் மாட்டிச் சோதனை செய்தார்கள். "வயசுக்குத் தகுந்த தேய்மானம் கொஞ்சம் இருக்கு. பயப்பட ஒண்ணுமே இல்ல, போயிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. தேய்மானம் என்பது நான் பேரிங்குக்குச் சொல்கிற வார்த்தை. எனக்கு ஒருவர் சொல்லி, அதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

வெளியே வந்தால், அப்பப்பா! பேப்பரைப் பிரித்தால் இவ்வளவு சத்தமா? என் செருப்பு அடிக்கு ஒரு தரம் கீச்சிடுகிறது, இதைப் போட்டுக்கொண்டா ஊரெல்லாம் சுற்றினேன்? வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுகிறேன், பின்னாலிருந்து நீ "என்னங்க" என்று கூப்பிட்டாய். பதறித் திரும்பினால் கிளி. அச்சு அசல் உன் குரல். முதலில் சாதாரணமாக ஒரு 'என்னங்க', அப்புறம் கொஞ்சம் இழுத்து, கடைசியில் சலித்துப்போய் ஒன்று. ஒரு கிளிக்கு மனப்பாடம் ஆகிற அளவுக்கு நீ கூப்பிட்டிருக்கிறாய். நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று போட்டி. நாற்காலி போட்டு இடுப்பு ஒடிந்தது. உன் பேச்சை இந்த ஒரு தடவை தெரிந்தே மீறினேன், படகுப் பாட்டைப் பாடினேன். புல்லாங்குழல் வந்தது. நன்றாக வந்தது. தலைக்குள் அடித்த மணி மட்டும் போய்விட்டது, என் குரல் சுமார் குரல்தான். பெட்டி எண்பத்தொன்று போட்டது. டிரைவர்கள் முதலிடம், நாங்கள் இரண்டாவது. கோப்பை போன பிறகும் கூட்டமாக இத்தனை சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை. டயர்காரர் இனி வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்தத் தாலாட்டையே பாடப்போகிறாராம்.

வாசலில் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆசை இருக்கிறது. சீக்கிரம் வா.

வியாழக்கிழமை மத்தியானம் போன் பண்ணுகிறேன். கத்திப் பேச வேண்டாம். சாதாரணமாகவே பேசு.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 3

என்னங்க,

நேற்று போனில் நான் ஒரு வார்த்தையும் உருப்படியாகப் பேசவில்லை, அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சீருடை ஆர்டரில் என் பங்கை முடித்துக் கொடுத்துவிட்டேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் என் பையை அவள்தான் அடுக்குகிறாள். பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள், பை கனம். டயர்காரருக்கும் பெயின்டருக்கும் ஆளுக்கொரு சட்டை தைத்து எடுத்து வருகிறேன், டயர்காரருக்கு உண்மையான வயிற்றளவில். கிளிக்கு அதற்குள் வேறு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். வீட்டில் இரண்டு பேர் 'என்னங்க' என்று கூப்பிட்டால் யாருக்குப் பதில் சொல்வீர்கள்?

நேற்று உங்களோடு போட ஒரு வண்டிச் சண்டை தயாராக வைத்திருந்தேன். ஏன் மறைத்தீர்கள், நான் பட்ட பாடு என்ன என்று வரிசையாக. மணி அடித்து, எடுத்து, நீங்கள் "நான்தான்" என்றதும் ஒன்றும் வரவில்லை. கடையில் அத்தனை மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா யாரிடமோ பொத்தான் சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டைத் துணியை வாயில் அழுத்திக்கொண்டு, மூச்சுக்கூட வெளியே வராமல்தான் அழுதேன். பக்கத்து மிஷின்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் அங்கிருந்து கேட்டீர்கள்: "ஏய், ஏன் அழறே?"